நாலாவது ஊசி

லீட்ஸ் நகரத்து கிளினிக்கில் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மகளோடு நானும் எழுந்தேன். என்னை மட்டும் உட்காரச் சொன்னாள். "நான் இவளுடைய அம்மா" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். உள்ளே வர உரிமை உண்டு என்று அர்த்தம். அவளோ எனக்குக் காத்திருக்க அலுப்பு என்று எண்ணி, மூலையிலிருந்த காபி மெஷினைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மகளுக்குப் பதினெட்டு வயது. கருத்தடை ஊசி போடப்போவதாக நேற்று இட்லி தின்றுகொண்டே சொன்னாள். ஊசியென்றால் பயம், துணைக்கு வா என்றாள். பெற்றவளிடம் இதைச் சொல்ல எப்படி நாக்கு வந்தது என்று எனக்குக் கோபம். கோபத்தைவிடப் பொறாமை அதிகம். நம்மூர்ப் பெண்களுக்கு இது புரியும்.

பத்தொன்பது வயதில் நானும் இதே ஊசியைப் போட்டவள். சங்கரன்கோவிலில் பிறந்து, புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டேன். டிகிரிக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. பிள்ளை பிறக்கும்வரை படிக்கலாம் என்பது மாமியாரின் உத்தரவு. கல்லூரிக்கு மாமனார் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டு, அவரே கூட்டி வருவார். கணவருக்கோ அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது. அரை மணி நேர பஸ் தூரத்திலிருந்த தாய்வீட்டுக்கு விசேஷமென்றால்தான் போகலாம்.

ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பார்களே, அப்படிப் போனபோதுதான் முதல் ஊசி. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் யார் யாரைக் கவனிப்பார்கள் என்று அம்மாவே லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"யாராச்சும் கேட்டா சத்தூசின்னு சொல்லு, மக்கா."

ஒரு ஊசி மூன்று மாதம் தாங்கும். அடுத்தது தலைதீபாவளிக்கு, அதற்கடுத்தது பொங்கலுக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, சம்பிரதாயமே எங்களுக்குத் தேதி குறித்துக் கொடுத்தது. நாலாவது ஊசிக்கான தவணை சித்திரையில் வந்தது. சித்திரையில் மகளை அழைக்க ஒரு விசேஷமும் கிடையாது.

"அம்மாவைப் பாக்கணும் போல இருக்கு, அத்தை."

"பொங்கலுக்குத்தான போய்ட்டு வந்த? இந்த வெயில்ல எதுக்கு அலையுத? உங்கம்மைய இங்கன வரச் சொல்லு."

அம்மா வந்தாள். வந்து என்ன செய்ய? கூடத்தில் மாமியார் இருக்க, அடுக்களையில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மறு சித்திரையில், கடைசிப் பரீட்சை நடந்த வாரத்தில், இவள் பிறந்தாள். அதோடு படிப்பு நின்றது.

மகள் வெளியே வந்தாள், மேற்கையில் சின்னதாக ஒரு பிளாஸ்திரியோடு. பஸ்ஸில் கேட்டாள்:

"நீ போட்டிருக்கியாம்மா?"

"மூணு."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட?"

நாலாவது கிடைத்திருந்தால் எனக்குப் பட்டம் இருந்திருக்கும், இவள் இருந்திருக்கமாட்டாள். அதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் போன் அடித்தது. புளியங்குடியிலிருந்து மாமியார், வீடியோவில்.

"எங்கன இருக்கீய ரெண்டு பேரும்?"

"கடைக்கு வந்தோம், அத்தை."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு ஸ்வெட்டர் கையை இழுத்துப் பிளாஸ்திரியை மூடிக்கொண்டு, ஆச்சிக்குக் கையாட்டினாள்.