கந்தோரில் இருந்தபடியே கரண்டை நிறுத்தியவர்

போன டிசம்பரில், பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கிழமை, புத்தளம் டவுனில் இருக்கும் மின்சாரக் கந்தோரின் கவுன்டரில் நின்று நான் ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்டபடி சத்தம் போட்டேன். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் சிலர் என்னைத் தெரிந்தவர்கள். இன்றைக்கும் அந்த ரோட்டால் போகும்போது முகம் சூடாகிறது.

என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு முந்தலுக்குக் கிட்ட, களப்பு ஓரமாக இருக்கும் ஒரு சின்னத் தென்னங்காணியில். நான் பக்கத்தில் உள்ள இறால் பண்ணையில் மோட்டர்களைப் பார்க்கிற வேலை செய்கிறேன். குளத்துத் தண்ணீரைச் சுழற்றிக் காற்றுக் கொடுக்கிற மோட்டர்கள் அவை. ஒன்று நின்றால் இறால் செத்து மிதக்கும். அதனால் கழற்றுவது, பூட்டுவது, வயர் மாற்றுவது எல்லாம் என் கைதான். படித்துப் பெற்ற பத்திரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கரண்ட் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற எண்ணம் நிறைய இருந்தது.

போன வருடம் நடுப்பகுதியில் எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய மீற்றரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீற்றர் பூட்டினார்கள். வீட்டுக்கு வந்து வாசிக்கத் தேவையில்லையாம், கணக்கு தானாகவே கந்தோருக்குப் போய்விடுமாம். நாங்களும் போனில் பார்க்கலாம் என்றார்கள். பெரிய மகள்தான் என் போனில் அந்த அப்பைப் போட்டுத் தந்தாள். எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் போனது என்று நீலக் கோடுகளாகக் காட்டும். தொடக்கத்தில் எனக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. பண்ணையில் இருந்தபடியே, "இப்ப யாரு அயன் பண்றது?" என்று மனைவிக்குப் போன் எடுப்பேன். "நீங்க வேலை பாக்கப் போனீங்களா, எங்களப் பாக்கப் போனீங்களா?" என்று அவள் ஏசுவாள்.

ஒக்டோபர் கடைசியில் இருந்து அந்தக் கோடுகள் உயரத் தொடங்கின. பில்லும் அதற்கேற்றபடி வந்தது. நான் வீட்டில் ஒவ்வொருவராகப் பிடித்துக் குறை சொன்னேன். ஃபேன் போட்டால் குற்றம், டீவி போட்டால் குற்றம். பிறகு ஒருநாள் கல்பிட்டியில் ஒரு கலியாணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். போகும்போது குளிர்சாதனப் பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் நானே நிறுத்தினேன். கலியாண வீட்டில் இருந்துகொண்டு அப்பைத் திறந்து பார்த்தால், ஆளில்லாத வீட்டிலும் கோடுகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன், இது மீற்றரின் பிழை.

இதற்கிடையில் மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள், "இஞ்சப் பாருங்க, கிணத்தடிக் குழாயத் தொட்டா கை கூசுது." நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இரிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் காலில் தடித்த ரப்பர் செருப்பு இருந்தது என்பதை அப்போது யோசிக்கவில்லை. அவள் அதன் பிறகு என்னிடம் சொல்வதை விட்டுவிட்டு, குழாயடியில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்று வேலை செய்தாள்.

டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை வெயில் வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்தவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. சிலாபம் பக்கத்துத் தமிழ். நான் போனை அவர் முன்னால் வைத்துப் பேச்சைத் தொடங்கினேன். பேச்சு எப்போது ஏச்சாக மாறியது என்று எனக்கே தெரியாது. சனத்தை ஏமாற்றத்தான் இந்த மீற்றர், இருந்த இடத்தில் இருந்து கரண்டை வெட்டத்தான் இந்த மீற்றர், ஏசி அறையில் இருக்கிற உங்களுக்கு என்ன தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவர் என்னை இடைமறிக்கவில்லை. கணினியில் என் இலக்கத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

"எனக்குக் கரண்ட் தெரியாதுன்டு நினைக்காதீங்க மிஸ். மழை பெய்தா ட்ரிப் சுவிட்ச் விழுந்துக்கிட்டே இருந்திச்சு. அதக் கழட்டிட்டு நேரா லைன் குடுத்தவனே நான்தான்" என்றேன்.

அந்த இடத்தில் அவருடைய கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப கழட்டினீங்க நானா?" என்று, எங்கள் சனம் அண்ணனைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒக்டோபர்ல."

அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதே நீலக் கோடுகள், ஆனால் பல கிழமைகளுக்கு ஒன்றாக. "இது மழை பெய்த நாள். இதுவும் மழை. இந்தக் கிழமை வெயில், பாருங்க, குறைஞ்சிரிக்கு. நேத்தும் முந்தாநாளும் எவ்வளவு ஏறியிரிக்குன்டு பாருங்க. மழை பெய்யிறது மீற்றருக்குத் தெரியாது நானா. நிலத்துக்குத்தான் தெரியும். உங்கட வீட்டுக் கரண்ட் எங்கயோ நிலத்துக்குள்ள போகுது. அதப் புடிச்சு நிப்பாட்டத்தான் அந்த ட்ரிப் சுவிட்ச் விழுந்திரிக்கு."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கிணத்துக்கு மோட்டர் இரிக்கா? வயர் நிலத்துக்கு அடியாலயா போகுது? குழாயத் தொட்டா கூசுதுன்டு வீட்டுல யாராச்சும் சொன்னாங்களா?"

மூன்றுக்கும் நான் ஓம் சொன்னேன். மூன்றாவது ஓம் வாயால் வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன்.

"இப்ப வீட்டுல யாரு?"

"வைஃபும் ரெண்டு புள்ளைகளும்."

"உடனே போன் எடுங்க. மெயின் சுவிட்ச நிப்பாட்டச் சொல்லுங்க. கிணத்தடிக்கு ஒருத்தரும் போகக் கூடாது."

எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. திரும்ப எடுத்தேன், அதற்கும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மச்சானுக்கு எடுத்தால் அவர் சிலாபத்துக்குப் போயிருந்தார். மழை விட்டு வெயில் வந்த முதல் நாள். குவிந்து கிடக்கும் உடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு மனைவி கிணற்றடியில்தான் நிற்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மனைவியாவது பலகையில் நிற்பாள், பிள்ளைகள் செருப்பே போட மாட்டார்கள். வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிளில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல்.

அந்த மிஸ் பக்கத்து மேசையில் இருந்த வயதான உத்தியோகத்தரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவரும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். எனக்கு விளங்கியது. கந்தோருக்குப் பொறுப்பான பெரிய சேர் வெளி வேலையில் இருக்கிறார், அவருடைய அனுமதி இல்லாமல் இங்கே இருந்து லைனை வெட்ட முடியாது, வெட்டினால் பிறகு பதில் சொல்ல வேண்டி வரும் என்றார். மிஸ் பெரிய சேருக்குப் போன் எடுத்தார். கவரேஜ் இல்லை. ஒரு கணம்தான் யோசித்திருப்பார்.

"என்ட பேர்லயே போடுறன்" என்று தமிழில் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார்.

எதையோ தட்டினார். என் இலக்கத்தைத் திரையில் காட்டி, "இது உங்கட மீற்றர்தானே, நல்லாப் பாருங்க" என்று என்னைச் சரிபார்க்கச் சொன்னார். எழுத்துகள் எனக்குக் கலங்கித் தெரிந்தன. இரண்டு தடவை வாசித்துவிட்டு ஓம் என்றேன். அவர் பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அது எவ்வளவு நேரம் சுற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம். நான் குர்ஆனில் வரும் யாசீனை ஓதத் தொடங்கி முதல் வரியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தேன். வட்டம் நின்றது. இணைப்புத் துண்டிக்கப்பட்டது என்று வந்தது. அவர் விடாமல் இன்னொரு பட்டனை அழுத்தி மீற்றரின் அந்த நேரத்து அளவைக் கேட்டார். பூச்சியம் என்று காட்டியது.

"விழுந்திட்டு நானா. இனி ஒன்டும் இல்ல" என்றார்.

கரண்ட் நின்றுவிட்டது, சரி. அதற்கு முன்னாலேயே ஏதாவது நடந்திருந்தால்? நான் திரும்பத் திரும்பப் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது தடவையோ, மனைவி எடுத்தாள்.

"என்ன இத்தன தரம் எடுத்திருக்கீங்க? போன் உள்ள சார்ஜ்ல கெடந்திச்சு. கரண்ட் போயிட்டு, அதப் பாக்க வந்தேன்."

"புள்ளைகள் எங்க?"

"இஞ்சதான் ரெண்டு பேரும். மோட்டரப் போட்டுட்டு சோப் எடுக்க உள்ள வந்த நேரத்துலதான் கரண்ட் போச்சு. சின்னவள் சேத்துக்குள்ள வெளயாடிட்டு கால் கழுவக் குழாயத் தொறந்திருக்கா. தண்ணி வரல, காத்துத்தான் வருதுன்டு வந்து நிக்கிறா."

சின்னவளுக்கு அப்போது ஏழு வயது. வெறுங்கால், ஈரமண், இரும்புக் குழாய். கரண்ட் நின்ற பிறகுதான் அவளுடைய கை அந்தக் குழாயில் பட்டிருக்கிறது. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. கிணற்றடிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மிஸ் உள்ளே போய் ஒரு பிளேன்டீயோடு வந்தார். நிறையச் சீனி போட்டிருந்தது. "குடிச்சிட்டு மெதுவாப் போங்க. இந்தக் கோலத்துல மோட்டார் சைக்கிள் ஓடாதீங்க" என்றார். கொஞ்சம் முன்பு நான் என்னவெல்லாம் ஏசினேனோ அதில் ஒரு சொல்லும் அவருடைய முகத்தில் இல்லை.

பின்னேரம் கந்தோரில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிணற்றடியில் தோண்டினார்கள். நிலத்துக்கு அடியால் போன வயர், இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த இடத்தில் தோல் உரிந்து, செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. மோட்டரின் சுவிட்ச் கிணற்றடியில் இருந்ததால், மோட்டர் ஓடாத நேரத்திலும் அதில் கரண்ட் இருந்திருக்கிறது. அந்த வயரைப் புதைத்ததும் நான்தான். எங்கள் எல்லோரையும் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, கந்தோருக்குப் போன் பண்ணிக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கரண்டைக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பல்பின் ஒரு வயரைக் குழாயிலும் மற்றதை ஒரு கம்பியில் கட்டி ஈர மண்ணிலும் வைத்தார்கள். பல்பு நல்ல வெளிச்சமாக எரிந்தது. மனைவி சின்னவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வந்தவர்கள், புது ட்ரிப் சுவிட்ச் பூட்டும்வரை கரண்ட் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது அவர்களில் ஒருவர் சொன்னார், அந்த மிஸ் அனுமதி இல்லாமல் லைனை வெட்டியதற்கு இனி எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம்.

அன்று என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. மறுநாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். பெரிய மகள் அழகாக எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ட்ரிப் சுவிட்சைக் கழற்றியது, மனைவி சொன்னதைக் கேட்காதது, கவுன்டரில் நின்று ஏசியது, அதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாவற்றையும் என் கோணல் எழுத்திலேயே எழுதிக்கொண்டு போய்ப் பெரிய சேரிடம் கொடுத்தேன். அவர் மெதுவாக வாசித்தார்.

"நீங்க ஏசினதையும் எழுதியிரிக்கீங்களே?"

"அதுவும் நடந்ததுதானே சேர்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு கடிதத்தை ஒரு ஃபைலில் வைத்தார். "அந்தப் புள்ள அதப் பத்தி ஒரு சொல்லும் எழுதல்ல" என்றார். விளக்கத்தை ஏற்றுக்கொண்டாராம், அதோடு விஷயம் முடிந்ததாம்.

வெளியே வரும்போது அந்த மிஸ்ஸிடம் போனேன். மனைவி செய்து கட்டித் தந்த வட்டலப்ப இனிப்பை நீட்டினேன். கந்தோரில் ஒன்றும் வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூடச் சரியாகத் தெரியவில்லை. எதையோ உளறினேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, "உங்கட பண்ணையிலயும் இப்படி ட்ரிப் சுவிட்ச் கழட்டினது இரிக்கா நானா?" என்று கேட்டார். இருந்தது. அந்தக் கிழமையே எல்லாவற்றையும் பூட்டினேன். இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது குழாய் கூசுகிறது என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் செருப்பைக் கழற்றுவதும் இல்லை, தொட்டுப் பார்ப்பதும் இல்லை. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, அந்தக் கந்தோருக்கு அறிவிக்கச் சொல்கிறேன்.

அந்த மீற்றரையும் அதன் நீலக் கோடுகளையும் நான் இப்போது மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் அதே கோடுகளை எத்தனையோ நாளாக நானும்தான் பார்த்தேன், எனக்கு அதில் குற்றம் சொல்ல ஆள்தான் தெரிந்தது. அவரோ, பத்துப் பேர் முன்னால் தன்னை ஏசிக்கொண்டிருந்த ஒருவனின் சத்தத்துக்குள் இருந்து தேவையான ஒரு வசனத்தைப் பொறுமையாகப் பிரித்து எடுத்தார். கோபப்பட்டு என்னை வெளியே போகச் சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் வீட்டிலோ பண்ணையிலோ யாராவது என் முன்னால் நின்று சத்தம் போட்டால், பதிலுக்கு என் வாய் திறக்கும் முன்னால், இவர் உண்மையில் என்ன சொல்ல வருகிறார் என்று காது கொடுத்துக் கேட்கப் பார்க்கிறேன், எல்லா நேரமும் முடிவதில்லை, ஆனாலும் என் மகளின் உயிர் அப்படிக் கேட்ட ஒருவரால்தான் இருக்கிறது என்பதை நான் மறந்ததில்லை.