சங்கிலி பேங்குல இருக்கு

வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர். தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் எங்களைப் போன்ற வீடுகளில் சும்மா இருக்கிற பொம்பளை அபூர்வம். ஒன்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள், இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். என் மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே இளைப்பு. தீக்குச்சி மருந்து வாடை பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். தீப்பெட்டிச் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீசில்தான் பண்டல் கட்டுகிற வேலை. அவரே புறவாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்புறம் நான் எங்கே போய்ப் பெட்டி ஒட்ட? ஒற்றைச் சம்பளம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. அதை வாங்கி அடுத்த சனிக்கிழமை வரை இழுப்பது என் பாடு. அதற்குப் பெயர் சும்மா இருப்பதாம்!

துணி சோப்பை நூல் வைத்துப் பாதியாக அறுத்துத்தான் வெளியே எடுப்பேன். முழு சோப்பைக் கண்டால் கை தாராளமாகத் தேய்க்கும். எண்ணெய் கால் லிட்டருக்கு மேல் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. தக்காளியைச் சந்தை கலைகிற நேரத்துக்குப் போய் வாங்குவேன். குழாயில் தண்ணீர் வராத வாரங்களில் குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவின தண்ணீர் முருங்கைக்கு. மகள் கடலை மிட்டாய் கேட்டால் உடைசல் வாங்கித் தருவேன். ருசியில் என்ன வித்தியாசம், சொல்லுங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, நாங்கள் அவிழ்த்ததே கிடையாது.

இத்தனையும் எதற்கென்றால், ஒரு சங்கிலிக்காக. அம்மா வீட்டில் எனக்குப் போட்ட இரட்டை வடச் சங்கிலி, அஞ்சு பவுன். மகளுக்கு இளைப்பு முற்றிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதைக் கழற்றி பேங்கில் வைத்தோம். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் மாமனார் வழியில் கொஞ்சம் மானாவாரிக் கரிசல் இருந்ததால் விவசாய நகைக்கடனாகக் கிடைத்தது, வட்டி குறைவு. நிலத்தில் சீமைக்கருவேலைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் பேங்கில் கொடுத்த காகிதத்தில் எங்களுக்கு வருஷம் தவறாமல் உளுந்து விளைந்தது. பிள்ளை பிழைத்தது. அவள் கல்யாணத்துக்குள் சங்கிலியை மீட்டு அவள் கழுத்தில் போட்டுவிட வேண்டும், எனக்கு வேறு ஆசையே கிடையாது.

விவசாயக் கடனை வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாகக் கட்டி நகையைத் திருப்ப வேண்டும். கட்டக் காசு ஏது? தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் வாங்குவேன். அதைக் கட்டி, நகையைத் திருப்பி, அங்கேயே மறுபடி வைத்து, வருகிற பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவருக்கு ஒரு தொகை உண்டு. மொபெட்டை நிறுத்தி, பேங்க் வாசலிலேயே நிற்பார். "சீக்கிரம் வாங்கம்மா, கடையப் போட்டது போட்டபடி வந்திருக்கேன்" என்று எட்டி எட்டிப் பார்ப்பார். அந்தக் கவுண்டருக்கும் இந்தக் கவுண்டருக்கும் நடுவில், வருஷத்தில் ஒரே ஒரு தடவை, என் சங்கிலி என் கையில் இருக்கும். ஒரு வருஷம் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒருத்தி, "போட்டுட்டே வீட்டுக்குப் போயிருங்கக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எரிச்சல்தான், வேறென்ன.

முதலில் வருஷ வட்டியை வீட்டுச் செலவிலிருந்து பிடித்தேன். மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் பவுன் விலை ஏற ஆரம்பித்தது. ஏறிய விலைக்கு பேங்க் கூடுதலாகக் கொடுத்தது, அதிலேயே வட்டியும் போய்விட்டது. "பாத்தீங்களா, அது வட்டிய அதே கட்டிக்கிடுது" என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பண்டல் கட்டிக் காய்த்துப்போன கையைத் தடவிக்கொண்டே, "அப்ப மீக்கதுக்கு எவ்வளவுட்டி ஆகும்?" என்று கேட்டார். சொன்னேன். முதலில் வாங்கினதைவிடக் கடன் கூடிக்கொண்டே போயிருந்தது. சோப்பை அறுத்து மிச்சம் பிடித்ததெல்லாம் ஏறிய வட்டியின் கால் தூசிக்குக்கூடக் காணாது.

அவளுக்குக் கல்யாண வயது வந்தது. கழுகுமலையிலிருந்து ஒரு இடம், பையன் பஸ் கம்பெனியில் மெக்கானிக். போட்டோ கேட்டார்கள். அந்த வாரம்தான் சங்கிலியைத் திருப்பி வைக்கிற நாள். ஸ்டூடியோ பேங்குக்கு எதிர்த்தாற்போல. அவளைப் பட்டுச்சேலை கட்ட வைத்துக் கூட்டிப் போனேன். திருப்பின கையோடு சங்கிலியை அவள் கழுத்தில் போட்டு ரோட்டைக் கடந்தோம். அண்ணாச்சி பின்னாடியே ஓடி வந்தார். "யம்மா, எங்கம்மா போறீங்க? துட்டு என்னுதுல்லா!" ஸ்டூடியோக்காரர் நாடியைத் தூக்கு, நாடியை இறக்கு என்று அவர் பாட்டுக்கு நிதானமாக எடுக்க, அண்ணாச்சி வாசலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போட்டோவில் என் மகள் ராஜாத்தி மாதிரி இருந்தாள். என் கண்ணே பட்டிருக்கும்.

பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா காபியைக் குடித்துவிட்டு மகள் கழுத்தைப் பார்த்தாள், கவரிங் கிடந்தது. "போட்டோவுல கெடந்த சங்கிலி எங்க மதினி?" என்று கேட்டாள்.

"பேங்குல இருக்கு" என்றேன்.

"அதான் நல்லது. வீட்டுல வச்சா பயந்துகிட்டேல்லா கெடக்கணும்" என்றாள் அவள், முகமெல்லாம் மலர்ந்து. நான் பொய் சொல்லவில்லை. சங்கிலி பேங்கில்தான் இருந்தது. அவள் லாக்கர் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய? இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். அடுக்களையில் மகள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னட்டி பாக்க, தட்டத்த எடு" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அஞ்சு பவுன் சங்கிலியும் சேர்த்துத்தான் கல்யாணம் பேசி முடிந்தது. கரிசலை வந்த விலைக்குக் கொடுத்தோம். அது பந்திக்கும் மற்ற நகைக்கும் பாத்திர பண்டத்துக்கும் சரியாகப் போயிற்று. சங்கிலியை மீட்க மட்டும் கையில் ஒன்றுமில்லை. திரும்பவும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "இது ஒரு மணி நேரமில்ல அண்ணாச்சி, மறுவீடு முடியிற வரைக்கும்" என்றேன். அவர் பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, வெளையாடுதீங்களா?" என்றார். அழுதுவிட்டேன். அத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. கொடுத்தார்.

கல்யாணத்தன்று சங்கிலி மகள் கழுத்தில் கிடந்தது. மறுவீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன், குழம்புக்குத் தேவைக்கு மேலேயே உரித்துவிட்டேன். அவள் அடுக்களைக்குள் வந்து, கொக்கியைக் கழற்றி, சங்கிலியை என் மடியில் போட்டாள்.

"இந்தாம்மா. அண்ணாச்சி காத்துகிட்டு இருப்பாவ."

"உங்க அத்தை கேட்டா?"

"நீ சொன்னததான் சொல்லணும், வேற என்னத்தச் சொல்ல?" என்றாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு நான் கண்ணைத் துடைத்தேன். அவள் துடைக்கவில்லை.

நிலம் போனதால் விவசாயக் கடன் இனிமேல் கிடையாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். சாதாரண நகைக்கடனில் வைத்து அண்ணாச்சி பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கூடுதல் வட்டி. தீப்பெட்டி ஆபீசில் மிஷின் வந்து வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள் வேலை போயிற்று. அண்ணாச்சி கடையை விற்றுவிட்டு மகன் வீட்டோடு சென்னைக்குப் போனார். ஒரு மணி நேரத்துக்குப் பணம் தர எங்கள் ஊரில் எனக்கு வேறு ஆளில்லை. கேட்காத வீடும் இல்லை. கெடு தாண்டி ரிஜிஸ்டர் தபால் வந்தது, இன்னொன்று வந்தது, அப்புறம் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. எடுத்தது யாரென்றுகூடத் தெரியாது.

சொல்லாமல் இருக்க முடியாதே என்று கழுகுமலைக்குப் பஸ் ஏறினேன். மகள் புறவாசலில் துணிக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் இருந்தது பாதி சோப்பு, நூலால் அறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவள் தலை நிமிராமல், "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சம்பந்தி வந்தாள். அடுத்த முகூர்த்தத்தில் அவள் அண்ணன் மகனுக்குக் கல்யாணமாம். "வாங்க மதினி, நல்ல நேரத்துல வந்தீக. ஏட்டி, அந்தச் சங்கிலிய எடுத்துட்டு வந்து போடு. நாலு பேரு பாக்கட்டும்."

மகள் துணியை உதறினாள். "அது பேங்குல இருக்கு அத்தை. அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும். பெறகு பாக்கலாம்." குரலில் ஒரு பிசிறு இல்லை. இருபத்தி சொச்சம் வயதுப் பிள்ளை!

சம்பந்தி என் பக்கம் திரும்பினாள். "அப்படியா மதினி?"

நான் இந்த வார்த்தையை முதலில் சொன்ன அன்றைக்குச் சங்கிலி பேங்கிலாவது இருந்தது.

"ஆமா மதினி, பேங்குலதான் இருக்கு" என்றேன்.

மகள் அடுத்த துணியை எடுத்து, பாதி சோப்பைக் கரையாமல் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.