இரண்டு வெட்டும் ஒரு சாக்கும்

வாளும் மந்திரமுமாகப் போகும் ஒரு வீடியோ கேமை முழுதாக முடித்திருந்தேன். அதற்குக் கூடுதல் பகுதி ஒன்று வந்தது. விலை கூடுதல்தான், வாங்கலாமா என்று கம்பெனி பஸ்ஸில் மஞ்சுளாவிடம் கேட்டேன். நான் தூத்துக்குடிக்காரி, ஓசூருக்கு வந்து மூன்று மாதம்தான். அவள் என் பக்கத்து மெஷின்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள்.

"ஞாயித்துக்கெழம பாகலூருக்கு வாங்கக்கா. எங்க வீட்ல அது இருக்கு, ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள்.

போனேன். முதல் டிராகனிடமே ஏழு முறை செத்தேன். பட்டன் சரியில்லை, டிவி மெதுவாகக் காட்டுகிறது, இதற்குக் காசு கொடுப்பது தண்டம் என்று புலம்பிக்கொண்டே வாளை வீசினேன். எட்டாவது முறை மஞ்சுளா கத்தினாள்: "சாக்கு! சாக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். "நான் சாக்கு சொல்லுதேனா? நீயே வெளயாடு!"

அவள் திருதிருவென விழித்தாள். "ஐயோ, இல்லக்கா! அவசரத்துல கன்னடம் வந்துருச்சு. சாக்குன்னா போதும்னு அர்த்தம். ரெண்டு வெட்டு போதும், விலகிடுங்க. மூணாவது வெட்டுக்கு நிக்கறப்பதான் அது நெருப்பு ஊதுது."

இரண்டு வெட்டு, விலகினேன். மறுபடி இரண்டு வெட்டு, விலகினேன். டிராகன் மலை சரிவதுபோல விழுந்தது. நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். மஞ்சுளா குக்கர் விசில்போலக் கூவினாள்.

அன்றே வாங்கிவிட்டேன். விலைக்குத் தகுமா என்று கேட்டால், தாராளமாகத் தகும். ஆனால் ஒன்றை மட்டும் மஞ்சுளாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் சொன்னது கன்னடம்தான். எனக்குச் சுருக்கென்றது, தமிழிலும் அது உண்மையாக இருந்ததால்.