டெண்டரில் எழுதிய எண்

பூதலூர்ப் பக்கம் ஒரு நெல் மில்லின் பின்கட்டில், ஊறிய நெல்லின் புளித்த வாடைக்கு நடுவே, இரண்டு செங்கல் சுவர்களின்மேல் அந்த டெண்டர் உட்கார்ந்திருந்தது. நீராவி இன்ஜினுக்குப் பின்னால் கரியையும் தண்ணீரையும் சுமந்து வருமே, அந்த வண்டிதான் டெண்டர். ஏலத்தில் எடுத்த மில்காரர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நெல் ஊறப்போடும் தொட்டியாக்கிப் பச்சை வர்ணம் அடித்திருந்தார். அன்று சனிக்கிழமை, தேதியையும் நேரத்தையும் வழக்கம்போல், பழைய ரயில் வண்டிகளின் எண்களைச் சேர்த்துவைக்கும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

என்னுடன் வந்தவர் ஃபிட்டர் பாய். முத்துப்பேட்டைக்காரர், ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். மீட்டர்கேஜ் தண்டவாளங்களைப் பெயர்த்து அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் ரயிலடி வாசலில் ஒரு நீராவி இன்ஜினைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், டெண்டர் இல்லாமல். அதைத் தேடித்தான் விடுமுறை நாள்களில் இருவரும் பஸ் ஏறினோம். பாய்க்கு அவகாசம் குறைவு. மனைவி இறந்தபின் அவரைத் தனியே விட மனமில்லாமல், ஷார்ஜாவிலிருந்த மகன் விசாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான்.

“துருப்பிடிச்ச தொட்டிங்க இது. பொண்ணு பாக்க வந்த மாதிரி ரெண்டு பேரும் சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க” என்றார் மில்காரர்.

“பொண்ணு பாக்கத்தாங்க வந்திருக்கோம். பூர்வீகம் விசாரிக்க வேணாமா?” என்று பாய் அடியில் புகுந்தார்.

நான் பக்கவாட்டில் பச்சை வர்ணத்தைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையில் எங்கள் இன்ஜினின் எண். சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அடியிலிருந்து பாய், “சார், கொஞ்சம் உள்ள வாங்க” என்றார். அவர் உளியால் துருவை உரித்த இரும்புச் சட்டத்தில் வேறொரு எண் அடித்திருந்தது.

பணிமனையில் இன்ஜினையும் டெண்டரையும் பிரித்துத்தான் பழுது பார்ப்பார்களாம். எந்த டெண்டர் முதலில் தயாராகிறதோ அதை மாட்டி, இன்ஜினின் எண்ணை அதன்மேல் எழுதி அனுப்பிவிடுவார்கள். சட்டத்தில் அடித்திருப்பதோ, அந்த டெண்டர் முதன்முதலில் எந்த இன்ஜினோடு செய்யப்பட்டதோ அதன் எண். வர்ணத்தில் எழுதியதை நம்பி நான் அதுவரை நிரப்பியிருந்த பக்கங்கள் எல்லாம் பிழை.

“மேல இருக்கிறது வாக்கப்பட்ட வீட்டுப் பேரு சார். இதுதான் பொறந்த வீட்டுப் பேரு” என்றவர் அந்த எண்ணை விரலால் துடைத்தார். பிறகு சொன்னார்: “நான் வேலைக்குச் சேந்து மொதல்ல தொட்ட இன்ஜின் இந்த நம்பர்தான். கடைசில பழைய இரும்புக்குன்னு கேஸ் வச்சு வெட்டுனதும் நான்தான். ஒண்ணுமே மிச்சமில்லன்னு நெனச்சிருந்தேன்.”

மில்காரர் மனமுவந்து கொடுத்துவிட்டார். ஐப்பசியில் தொடங்கிய வேலை மாசியில் முடிந்தது. அரித்த தகடுகளை வெட்டி ஒட்டுப்போட்டு, பழைய சக்கரங்களைத் தேடிப் பொருத்தி, இன்ஜினோடு சேர்த்தோம். பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இன்ஜின்ல அதோட நம்பர் இருக்கட்டும். இதுல இதோட நம்பர எழுதிக்கிறேன். இல்லன்னா அப்படி ஒரு வண்டி ஓடுனதுக்கே அடையாளம் இருக்காது.”

அவரே எழுதினார். அந்த வாரமே விமானம் ஏறினார். “பாத்துக்குங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

மறு வருடம் மகள் வீட்டுக்குக் கும்பகோணம் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்பினால், இரண்டிலும் இன்ஜினின் எண்ணே இருந்தது. மேலதிகாரி பார்வையிட வந்தாராம். அதற்காக வர்ணம் அடித்தார்களாம். “பாக்குறவங்கல்லாம் நம்பர் தப்பு தப்புங்கிறாங்க, சரி பண்ணிட்டோம்” என்றார் ரயிலடியில் பொறுப்பில் இருந்தவர். விளக்கி இரண்டு மனு எழுதினேன். பதில் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பாய் தொலைபேசியில் அழைத்தார். குரல் மெலிந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு, “நம்பர் அப்படியே இருக்கா சார்?” என்றார்.

“அப்படியே இருக்கு பாய்.”

“வெயில்ல வெளுத்திருக்குமே?”

“இல்ல பாய். நேத்து எழுதின மாதிரி இருக்கு.”

அவர் சிரித்தது கேட்டது. இரண்டு மாதத்தில் அங்கேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

என் நோட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்குரிய பக்கத்தில் தேதி இருக்கிறது, அழைப்பு வந்த நேரம் இருக்கிறது, ‘பாய் பேசினார்’ என்று இருக்கிறது. நான் சொன்ன பதிலை அதில் எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.