பூநாரை பார்க்கப் போன இடத்தில்

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இலங்கை புது நாடு. மன்னாருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், கடலோரக் களப்பில், அந்த உப்புநீர் ஏரியில், பூநாரைகள் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு அவளைக் கூட்டிப் போனேன்.

கரையில் ஒருவர் குனிந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். களப்புக்குள் இறங்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். என் இந்தியப் பேச்சுக்கு இங்கே பலர் சிரித்திருந்ததால், கூச்சப்பட்டுப் பேசாமல் கடந்துவிட்டேன். கரையோரம் நீர் வற்றி, தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது; தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன.

"கிட்டப் போய் போட்டோ எடுக்கிறேன்ப்பா" என்று மகள் ஓடினாள். சிறிது தூரத்திலேயே இடுப்பு வரை புதைந்தாள்.

"அப்பா, காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லப்பா!"

நான் பாய்ந்தேன். என் முழங்காலும் உள்ளே இறங்கியது.

"நீங்கள் அதிலயே நில்லுங்கோ! பிள்ளை, உதறாதை, முன்னால சரிஞ்சு படு!" என்று கத்திய வலைக்காரர், ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்து போனார். அவர் பிடித்தபோது சேறு அவள் நெஞ்சைத் தொட்டிருந்தது.

இழுத்துக் கரைசேர்த்த பிறகு என்னைப் பார்த்தார். "மேலால காய்ஞ்சிருக்கும், கீழ முழுக்க உளைச்சேறு. ஒரு சொல்லுக் கேட்டா வாய் தேய்ஞ்சிடுமோ?"



இப்போது எங்கே போனாலும் அங்குள்ளவர்களிடம் கேட்ட பிறகே கால் வைக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் தனியாகத்தான் போகிறேன். மகளைக் கூப்பிட்டால், வரவில்லை என்கிறாள்.