சர்க்கஸ்காரிக்கு நேர்ந்த மொட்டை

விளாங்குடி பெரியகருப்பன் மறைந்த செய்தி வந்தபோது நான் முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். வெட்ட அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை மரியாதைக்காகப் போய் வருகிறேன். அவருடைய தெருக்காரர் ஒருவர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். "அண்ணே, நம்ம பெரியகருப்பண்ணே போயிட்டாருண்ணே. காலைல வயலுக்குத் தண்ணி திருப்பிட்டு வந்து உக்காந்தவரு, எந்திரிக்கவே இல்ல" என்றார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடினேன். அந்த மனிதருக்கும் என் தலைக்கும் அப்படி ஒரு சம்பந்தம்.

அவரிடம் கத்தரிக்காய் வாங்கியவர்கள் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு உலகமே 'மாப்ள'. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் 'அண்ணே' என்பேன், அவர் 'மாப்ள' என்பார். முறை இடிக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "முறை பாத்துப் பேசுறதுன்னா மதுரையில பாதிப் பேரோட பேசவே முடியாது மாப்ள" என்றார். முப்பது வயதிலேயே அவர் தலை வழித்த தேங்காய் மூடிபோல் இருக்கும்.

எனக்கோ அந்த நாளில் ஒரு கிராப்பு இருந்தது. ஜவுளிக்கடைக் குமாஸ்தா வேலைக்குச் செலவிட்டதைவிட அதைச் சீவுவதற்கு நான் செலவிட்ட நேரம் அதிகம். முகலட்சணம் என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. காளவாசலில் செங்கல் சூளை வைத்திருந்தவரின் மகளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அந்தக் கிராப்பை நம்பித்தான் நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்திய திங்கட்கிழமை வைகைக்கு வடகரைப் பொட்டலில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அதுவரை சர்க்கஸ் பார்த்ததில்லை. நான் மட்டும் பார்த்தவனைப்போல் நடித்துக்கொண்டு, சாயங்கால ஆட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன்.

சிங்கம் வந்தது, அவர் அசையவில்லை. "சாப்பாடு போட்டு வளத்த சிங்கந்தானே" என்று கடலையை உரித்தார். அப்புறம் பேண்டு வாத்தியம் நின்றது. பளபளவென்று உடுத்திய ஒரு பெண், கூடாரத்தின் உச்சியில் ஊஞ்சலைப் பிடித்து ஆடத் தொடங்கினாள். அந்தரத்தில் கையை விட்டாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கியவன் கையைப் பற்றிக்கொண்டாள். பறவைகூட அவ்வளவு அழகாக ஆடாது. அவர் கடலையை மறந்தார். "மாப்ள, அது யார் வீட்டுப் புள்ள? பெத்தவுக பாத்துக்கிட்டா இருக்காக?" என்றார்.

மூன்றாம் தடவை அவள் கை நழுவியது.

கூட்டம் 'ஐயோ' என்று வாய் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். "அழகரே! பதினெட்டாம்படிக் கருப்பா! அந்தப் புள்ளய காப்பாத்துப்பா, வர்ற வெள்ளிக்கெழம மொட்ட போடுறோம்!"

சொல்லும்போது அவர் வலது கை என் தலைமேல் இருந்தது.

அவள் கீழே கட்டியிருந்த வலையில் விழுந்து, பந்துபோல் எழும்பி, சலாம் வைத்துச் சிரித்தாள். கூடாரமே கைதட்டியது. நான் தட்டவில்லை.

"உங்க தலைய நேர வேண்டியதுதானேண்ணே?"

"அதுல என்ன மாப்ள இருக்கு? இருக்கிறதத்தானே நேர முடியும்?"

மறுநாள் விசாரித்தேன். அவள் எல்லா ஆட்டத்திலும் அதே இடத்தில் விழுவாளாம், அதுவும் வித்தைதானாம். இந்த நற்செய்தியோடு விளாங்குடிக்கு ஓடினேன். "விழுறது அவ வேலைண்ணே. தெனமும் விழுறாளாம்!" அவர் யோசித்தார். "தெனமும் பொழைக்கிறாளே, அது யாரால? நேத்து நாம நேந்தோம். மத்த நாளு எந்தப் புண்ணியவான் நேந்தானோ."

அம்மாவிடம் முறையிட்டேன். பதினெட்டாம்படிக் கருப்பசாமி பெயர் காதில் விழுந்ததும் அவள் கட்சி மாறிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவருடைய கத்தரிக்காய் வண்டியிலேயே அழகர்கோவிலுக்குப் போனோம். கிராப்பு போனது. துணைக்கு மீசையும் போனது.

ஞாயிற்றுக்கிழமை, சந்தனம் பூசிய தலையோடு காளவாசலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வந்த பெரியகருப்பண்ணனும் வழுக்கை. இரண்டு பூசணிக்காய்களை வைத்ததுபோல் இருந்திருக்கும். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளைக்கு நேத்திக்கடனோ? யாருக்கு நேந்தது?"

ஏதாவது சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன், "சர்க்கஸ்ல தொங்குன ஒரு புள்ளைக்குங்க. கை நழுவிருச்சு. மாப்ள பதறிப்போயி எந்திரிச்சு, தன் தலைய நேந்துட்டாரு" என்றார். சம்பந்தம் முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா குரல் வந்தது: "முன்னப்பின்ன தெரியாதவளுக்கே தலையக் குடுத்தவரு, கட்டுனவளக் கைவிடவா போறாரு? காப்பி கொண்டு வரச் சொல்லுங்க."

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வீட்டில் பெரிய மனிதனாக உலவினேன். அன்று அண்ணன் அடக்கம் முடிந்து வந்து குளித்ததும், இனி மறைப்பது பாவம் என்று மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஈரத் துண்டைக் கொடியில் போட்டபடி, "தெரியுமே. கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டாரு. 'ஆத்தா, நேந்தது நானு. பொய் சொல்லிட்டேன், மனசு கேக்கல'ன்னாரு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"நேந்தது யாரா இருந்தா என்னண்ணே, நீங்க நேந்ததுக்கு அவரு போயி மொட்டைக்கு ஒக்காந்தாருல்லனு சொன்னேன்."

எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அதுவரை சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். பனைமரத்திலோ கோபுரச் சாரத்திலோ யாராவது உயரத்தில் நிற்பதைக் கண்டால் என் கை தானாகத் தலைக்குப் போகிறது. அது யார் வீட்டுப் பிள்ளை என்று மனம் கேட்கிறது.

மறுநாள் முடிவெட்டுபவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தட்டினார். "பாதியில போனீகளே, மிச்சத்தையும் எடுத்துரவா?"

"வேணாம்ப்பா" என்றேன். "இருக்கிறது இருக்கட்டும். யாருக்காவது நேர வேண்டி வரும்."