கரட்டுக்குப் போர்த்திய துணி

எங்கள் தோட்டத்தில் விளைவதில் கோணல் என்று வியாபாரிகள் கழித்துப்போடும் கரட் கிழங்கை உலர்த்தி விற்கலாம் என்று விவசாயப் பயிற்சியில் சொன்னார்கள். பழகிப் பார்க்க ஒரு சூரிய உலர்த்தியும் தந்தார்கள்.

இரண்டு தடவை போட்டேன். இரண்டும் பூஞ்சணம். மூன்றாவதும் கெட்டால் உலர்த்தியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்று, அந்தக் கெட்ட கரட்டில் கொஞ்சம் பையில் போட்டு, மகளையும் தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். பயிற்சி தந்த அதிகாரி அலுவலகத்தில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்தாள். என் வயதுதான் இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலையாம்.

"என்னக்கா, பையில எதும் செத்துக் கெடக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பனி இறங்கியதும் பயந்து, சூடு போய்விடாமல் உலர்த்தியின் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்ததையும் சொன்னேன்.

சிரித்துவிட்டாள்.

"புள்ளைய போத்துற மாதிரி கரட்டையும் போத்துனீங்களாக்கும்! எங்க பெக்டரியில கொழுந்து வாட்டுறதுக்கு மொதல்ல காத்துதான் விடுவோம். ஈரம் வெளிய போகணும்லக்கா?"

லிந்துலை வரும்வரை பேசினோம். கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு நான் யாரோடும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. நான் இறங்கும்போது அவள் பெயரைக் கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

வந்ததும் துணிகளை உருவிவிட்டு, புதிதாகக் கரட் சீவிப் போட்டேன். மாலையில் ஓரங்கள் சுருளத் தொடங்கியிருந்தன. ஆனாலும் பத்துத் தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

சரியாகக் காய்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பாக்கெட் கரட் இலவசம். ஒரே நிபந்தனை: பிளேன்டீ குடித்து, ஒரு மணித்தியாலமாவது பேசிவிட்டுத்தான் போக வேண்டும். என் மகளும் பேசுவாள். இப்போதைக்கு 'மியாவ்' மட்டும்.

யார் வருகிறீர்கள்?